இறக்கத்தைத் தாங்கும் மாடு

தோட்டத்துப் பால் வண்டியைக் கண் காண்பதற்கு முன்பே காது கண்டுபிடித்துவிடும். மண்சடக்கு வளைகிற இடத்தில் டிராக்டர் கியர் மாறும் உறுமல். அதன் பின்னாலேயே தொட்டிக்குள் பால் அலைமோதும் சத்தம், தளக் தளக் என்று. மலேசியாவின் செமோர் வட்டாரத்தில் அப்போது எந்தப் பக்கம் திரும்பினாலும் கித்தா எனும் ரப்பர்க் காடுதான். மேற்கே கிளேடாங் மலை, இந்தப் பக்கம் கந்தான் சுண்ணாம்புக் குன்று, நடுவில் வரிசை பிசகாத பால்மரங்கள். அந்தக் காட்டுக்குள் அப்பா சிவப்பு நிற மாஸி பெர்குசன் டிராக்டர் ஓட்டினார்.

விடியுமுன் பெரட்டில் பேர் கொடுத்துப் பால்வெட்டுக்குப் போனவர்கள், வெயில் ஏறியதும் காண்டா வாளியில் பால் சுமந்து கொட்டகைக்கு வருவார்கள். கிராணி அளந்து கணக்கில் எழுதிக்கொள்வார். வடிகட்டி வழியாகப் பால் தொட்டியில் இறங்கும். போகிற வழியில் உறைந்துவிடாமல் இருக்க அம்மோனியா கலப்பார்கள். அந்த நெடி அப்பாவின் சட்டையோடு வீட்டுக்கு வரும். சட்டையைத் துவைத்தாலும் போகாது. பிறகு தொட்டி வண்டியை இழுத்துக்கொண்டு ஸ்டோருக்குப் புறப்படுவார். பள்ளி விடுமுறையில் மட்கார்டு மேல் உட்கார எனக்கு அனுமதி உண்டு. தண்டல் கண்ணில் பட்டால் மட்டும் இறங்கிவிட வேண்டும்.

தொட்டி நிறைந்திருந்தால் அப்பா பாட்டு முணுமுணுத்துக்கொண்டே ஓட்டுவார். காலித் தொட்டி என்றாலும் அப்படியே. இலையுதிரும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் பால் குறைந்து தொட்டி பாதிதான் நிறையும். அன்றைக்குப் பாட்டும் இல்லை, பேச்சும் இல்லை. வளைவில் வண்டி திரும்பினால் உள்ளே இருக்கும் பால் திரும்பாது. நேராகப் போய்ப் பக்கச் சுவரில் மோதும், பிறகு மறுபக்கம் பாயும். டிராக்டரின் பின்புறம் அந்த ஆட்டத்தை வாங்கிக்கொண்டு நெளியும். தொட்டிக்குள் தடுப்புத் தகடுகள் வைத்திருப்பார்கள், அலையை உடைப்பதற்காக. இருந்தும் அது அடங்காது. குறைகுடம் கூத்தாடும் என்பதை நான் வாத்தியாரிடம் படிப்பதற்கு முன்பே அந்த மட்கார்டு மேல் உட்கார்ந்து இடுப்பால் தெரிந்துகொண்டேன்.

பின்னால் நானும் வண்டி சம்பந்தப்பட்ட தொழிலுக்கே வந்தேன். செமோரில் பட்டறை வைத்து, லாரியும் வேனும் டிராக்டரும் பழுது பார்த்துக் காலம் ஓடிற்று. தோட்டம் போய்ச் செம்பனை வந்தது, செம்பனை போய்த் தாமான் என்கிற குடியிருப்பு வந்தது. தம்பி படித்து, ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரத்துக்குப் போனான். இங்கிருந்து அங்கே போய்க் குடியேறிய மலேசியத் தமிழர்கள் கொஞ்சநஞ்சமல்ல. அவர்களில் ஒருவனாக வீடு, பிள்ளைகள், மண்டோகலுப்பில் பாலமுருகன் கோயில் என்று ஊன்றிவிட்டான். அவன் ஒரு நாள் கூப்பிட்டுச் சொன்னான்: “அண்ணே, கேரவன் வாங்கப் போறேன்.”

பக்கத்தில் இருந்த அம்மாவுக்கு அது புரியவில்லை. கேரவன் என்றால் படப்பிடிப்பில் நடிகர்கள் போய் உட்காரும் குளிர்சாதன வண்டி என்றுதான் அவருக்குத் தெரியும். “அவன் என்னடா நடிகனா?” என்றார். காருக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போகிற சின்ன வீடு, கட்டில், அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ளேயே இருக்கும் என்று விளக்கினேன். அம்மா யோசித்துவிட்டு, “நம்ப அப்பா இழுத்த மாதிரியா?” என்று கேட்டார். அதற்குள் தம்பி அடுத்த கேள்விக்குப் போய்விட்டான்.

“என் காடி அதை இழுக்குமா அண்ணே?”

உலகத்தில் கேரவன் வாங்குகிற எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். விற்பவரும் உடனே ஆமாம் என்பார். எஞ்சினுக்கு என்ன, இழுத்துவிடும். இந்தக் காலத்து டீசல் எஞ்சினுக்கு ஒன்றரை டன் இழுப்பது பெரிய காரியமில்லை. அப்பா இருந்திருந்தால் இந்தக் கேள்வியைக் காதில் வாங்கியிருக்கவே மாட்டார். அவர் தாத்தாவிடமிருந்து எடுத்த ஒரு வாக்கியம் வைத்திருந்தார்: “ஏத்தத்துல எந்த மாடும் முக்கி முனகி இழுத்துரும். எறக்கத்துல எது தாங்குதுன்னு பாத்து வாங்கு.”

தாத்தா நாமக்கல் பக்கத்து ஆள். 1938-இல் இந்திய அரசு மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் போவதை நிறுத்துவதற்கு முன்பே கப்பலேறி வந்துவிட்டவர். பால்மரம் வெட்டத்தான் வந்தார். ஆனால் மாடு தெரிந்த ஆள் என்று கண்டுகொண்டு, ரப்பர் ஷீட்டுக் கட்டுகளைச் செமோர் ரயில் நிலையத்துக்கு ஏற்றிப் போகும் மாட்டுவண்டி வேலையைக் கொடுத்தார்கள். கட்டு ஏற்றும்போது தாத்தா வண்டிக்குப் பின்னால் போகவே மாட்டாராம். நுகத்தடியண்டை நின்றுகொண்டு, ஒவ்வொரு கட்டு ஏறும்போதும் ஏர்க்காலை ஒரு கையால் தூக்கித் தூக்கிப் பார்ப்பாராம். லேசாக எழும்பினால் பின்பாரம். “ரெண்டு கட்டை முன்னால தள்ளுங்கடா” என்பார். தூக்கவே முடியாமல் அழுத்தினால் முன்பாரம் மிஞ்சிவிட்டது. ஒன்றைப் பின்னால் தள்ளச் சொல்வார். கைக்குக் கொஞ்சம் கனமாக, ஆனால் மூச்சுப் பிடிக்காமல் தூக்க முடிகிற அளவில் நின்றதும் “போதும், கட்டு” என்பார். அவரிடம் தராசு கிடையாது. அந்தக் கைதான் தராசு.

ஏன் அப்படி என்பதை அப்பா எனக்கு மாடில்லாமலே, வெறும் வண்டியை வைத்துக் காட்டியிருக்கிறார். பின்பாரமான வண்டியில் நுகம் மேலே எழும்பும். மாட்டின் கழுத்துக்குக் கீழே கட்டிய பூட்டாங்கயிறு தொண்டையை இறுக்கும். மாடு காலை ஊன்ற முடியாமல் தத்தளிக்கும். முன்பாரம் மிஞ்சினால் நுகம் திமிலை அழுத்திக் கழுத்துப் புண்ணாகும். ஏற்றத்தில் சுமை பின்னால் சாயும் என்பதால் வண்டிக்காரர் முன்னால் நகர்ந்து ஏர்க்கால் மேல் உட்காருவார். இறக்கத்தில் பின்னுக்கு நகர்வார். செங்குத்தாக இருந்தால் இறங்கி, சக்கரத்தை உரசும் கட்டையின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடப்பார். மனித உடம்பையே எடைக்கல்லாக நகர்த்துகிற வித்தை அது.

1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று தோட்டத் துரைமார்கள் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் வந்த பிறகு, தோட்டத்துக்கு வெளியே ஒற்றை ஆளாக மாட்டுவண்டி ஓட்டும் வேலை போயிற்று. ஷீட்டுக் கட்டுகள் லாரிக்கு மாறின. தாத்தா மறுபடி வெட்டுக்காட்டுக்குப் போனார். மாடுகளை விற்ற கதையை மட்டும் வீட்டில் யாரும் பேசமாட்டார்கள்.

தம்பியின் கேரவன் கதைக்கு நடுவே நான் தாத்தாவுக்குப் போனது தற்செயலில்லை. உல்லாசப் பயணத்துக்கென்று செய்யப்பட்ட முதல் கேரவனும் மிருகம் இழுத்ததுதான். 1885-இல் கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர், கப்பற்படையில் மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவர், பிரிஸ்டல் நகரப் பட்டறையில் சொல்லி ஒரு வண்டி செய்யவைத்தார். ‘வாண்டரர்’ என்று பெயர். எடை ஏறக்குறைய 2 டன், இழுத்தது இரண்டு குதிரை. குறுகலான சாலையில் எதிரே வருபவர்களை எச்சரிக்க ஒரு வேலையாள் மூன்று சக்கர மிதிவண்டியில் முன்னால் போவாராம். பிரிட்டனில் கேரவன் சங்கம் தொடங்கியது 1907-இல். கார் இழுக்கும் கேரவன் விற்பனைக்கு வந்தது முதல் உலகப் போர் முடிந்த பிறகு. குதிரையைக் கழற்றிக் காரை மாட்டினார்கள். முன்பாரம், பின்பாரம் பற்றிய சட்டம் மட்டும் மாறவில்லை.

அப்பாவின் டிராக்டரிலும் அதே சட்டம்தான். தொட்டி வண்டிக்கு ஒற்றை அச்சு. அச்சை நடுவிலிருந்து சற்றுப் பின்னால் தள்ளி வைத்திருப்பார்கள். அதனால் சுமையின் ஒரு பங்கு கொக்கி வழியாக டிராக்டரின் பின்சக்கரங்களை அழுத்தும். மழைச் சேற்றில் அந்த அழுத்தம்தான் சக்கரத்துக்குப் பிடிப்பு. ஹாரி பெர்குசன் என்ற அயர்லாந்துக்காரர் பேர் வாங்கியதே இந்த யோசனையில்தான். கலப்பையை டிராக்டரோடு அவர் இணைத்த முறையில், மண் கலப்பையை இழுக்கும் இழுப்பே டிராக்டரின் பின்சக்கரத்தை மண்ணில் அழுத்தும். அதனால் எடை குறைந்த டிராக்டர் எடை கூடின டிராக்டர் வேலையைச் செய்தது. எங்கள் தோட்டத்துச் சிவப்பு டிராக்டர் அந்த வம்சம்.

தம்பிக்கு இதையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி அண்ணே, கணக்கைச் சொல்லுங்க” என்றான். அவன் கணக்காளன். காரின் புத்தகத்தையும் கதவு ஓரத்தில் ஒட்டியிருக்கும் தகட்டையும் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன்.

ஏழு பேர் உட்காரும் குடும்பக் கார். டாங்கி நிறைய எண்ணெயோடு, ஆளில்லாமல் 1,900 கிலோ. ஆளும் சாமானும் சேர்ந்து அந்தக் கார் தாங்கக்கூடிய உச்சம் 2,500 கிலோ. பிரேக் உள்ள பின்வண்டியை 2,000 கிலோ வரை இழுக்கலாம். கொக்கியின் மேல் 200 கிலோ வரை அழுத்தலாம். காரும் பின்வண்டியும் கூட்டினால் 4,200 கிலோவைத் தாண்டக்கூடாது. அவன் கண் வைத்திருந்த கேரவன் வெறுமையாக 1,450, சுமையோடு 1,900 வரை அனுமதி. 2,000-க்குள் 1,900 அடங்குகிறதே, அப்புறம் என்ன என்று கேட்டான். விற்பவரும் அதையேதான் சொல்லியிருந்தார்.

நான் அவனைத் தாளும் பேனாவும் எடுக்கச் சொன்னேன். கேரவனில் தண்ணீர் ஒரு நூறு லிட்டர், அதுவே நூறு கிலோ. கேஸ் தோம்பு, பாய் படுக்கை, பாத்திரம், மடக்கு நாற்காலி, வெயிலுக்கு இழுத்துவிடும் பந்தல் எல்லாம் சேர்த்துச் சுமையோடு 1,800 என்று வைத்தோம். அதில் பத்தில் ஒரு பங்கு கொக்கியின் மேல் இருக்க வேண்டும் என்பது ஆஸ்திரேலியாவில் வழக்கமாகச் சொல்லும் அளவு. அது 180 கிலோ. இங்கேதான் பெரும்பாலோர் கோட்டைவிடுகிறார்கள். அந்த 180 கிலோ கேரவனின் எடை மட்டுமில்லை, கார் சுமக்கிற எடையும்கூட. காருக்குள் ஐந்து பேர், 340 கிலோ. கொக்கிச் சட்டம் 30. ஐஸ்பெட்டி, பைகள் 70. கொக்கி மேல் 180. கூட்டினால் 620. காருக்கு மிச்சம் இருந்த இடமோ 600. இழுக்கும் அளவில் எங்கும் மீறவில்லை, சுமக்கும் அளவில் 20 கிலோ மீறிவிட்டது.

“ஐஸ்பெட்டியையும் பையையும் கேரவன்ல போட்டுட்டா?” என்றான். போடலாம். கேரவன் 1,870 ஆகும், கொக்கி மேல் 187. காரில் 340, 30, 187, ஆக 557. எல்லாக் கட்டத்திலும் தேறிவிடும். சட்டப்படி ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் 1,900 கிலோ காருக்குப் பின்னால் 1,870 கிலோ கேரவன். இழுப்பவனும் இழுபடுபவனும் ஒரே எடை. பிரிட்டனில் கேரவன் சங்கங்கள் புதிதாக இழுப்பவர்களுக்கு ஒரு புத்தி சொல்கின்றன: சுமை ஏற்றிய கேரவன், காரின் வெற்று எடையில் நூற்றுக்கு 85 பங்கைத் தாண்ட வேண்டாம். பழகியவர்கள்கூட நூறைத் தொடலாமே தவிர தாண்டக்கூடாது. அது சட்டமில்லை, பட்டறிவு. தம்பியின் காருக்கு அந்த 85 பங்கு 1,615 கிலோ.

அப்பா சொல்கிற இறக்கம் இங்கேதான் வருகிறது.

வடக்கு தெற்கு நெடுஞ்சாலை வருவதற்கு முன், வடக்கே போகிற லாரியெல்லாம் செமோர் வழியாகத்தான் சுங்கை சிப்புட்டுக்குப் போகும். 1987-இல் ஈப்போவிலிருந்து சங்காட் ஜெரிங் வரை நெடுஞ்சாலை திறந்ததும், லாரிகள் மெனோரா சுரங்கப்பாதை வழியாக மலையேறத் தொடங்கின. ஏறினவை திரும்பி வரும்போது ஜெலாப்பாங் பக்கம் இறங்க வேண்டுமே. நீண்ட இறக்கம். இறக்கத்தின் அடியிலேயே டோல் சாவடி. பிரேக் போன கனரக வண்டிகள் வரிசையில் நிற்கும் கார்களில் வந்து மோதும் விபத்துகள் அங்கே நடந்தன. 2009-இல் அந்தச் சாவடியையே எடுத்துவிட்டார்கள்.

அந்த இறக்கத்தில் புகைந்துபோன பிரேக்குகளை என் பட்டறையில் நான் கழற்றியிருக்கிறேன். பிரேக் கட்டை கண்ணாடிபோல் வழவழப்பாகி, விரலால் தொட்டால் வழுக்கும். காரணம் லேசானது. ஓட்டுநர் டாப் கியரிலேயே இறங்கியிருப்பார். வேகத்தைப் பிடிக்கும் வேலை முழுவதும் பிரேக் மேல் விழுந்திருக்கும். பிரேக் வேகத்தை வெப்பமாக மாற்றுகிறது. ஓர் அளவுக்குமேல் சூடேறினால் கட்டைக்குப் பிடிக்கும் சக்தி போய்விடும். காலை அழுத்த அழுத்த வண்டி நிற்காது. இறக்கத்தின் தலையிலேயே கீழ்க் கியருக்கு மாறி, எஞ்சினே வண்டியைப் பின்னுக்குப் பிடிக்கும்படி விட்டிருந்தால் அந்தக் கட்டைகள் இன்னும் பல மாதம் உழைத்திருக்கும். ஏறும்போது எந்தக் கியர் தேவைப்படுமோ அந்தக் கியரிலேயே இறங்கு என்று பழைய லாரிக்காரர்கள் சொல்வார்கள். கேரவனுக்கும் அதுவே போதும்.

பெர்த்துக்கு நான் போனது அம்மாவை அழைத்துக்கொண்டு. தம்பியின் நண்பர் ஒருவர் தம்முடைய கேரவனைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார், பழகிப் பார்க்கச் சொல்லி. கொக்கிப் பாரத்தை எப்படி அளப்பது என்று தம்பி கேட்டான். அதற்கென்றே சின்ன அளவி விற்கிறார்கள். நான் குளியலறைத் தராசையும் ஒரு பலகையையும் இரண்டு செங்கல்லையும் எடுத்துவரச் சொன்னேன். குளியலறைத் தராசு பெரும்பாலும் 150 கிலோவோடு நின்றுவிடும், நேரே வைத்தால் கெட்டுப்போகும். பலகையின் ஒரு முனை செங்கல் மேல், மறுமுனை தராசு மேல். செங்கல்லிலிருந்து ஒரு பங்கு தூரம், தராசிலிருந்து இரண்டு பங்கு தூரம் என்று அளந்து, அந்த இடத்தில் ஒரு கட்டையை நிறுத்தி, கேரவனின் மூக்கை மெல்ல அதன் மேல் இறக்கினோம். அப்படி வைத்தால் தராசு காட்டுவது பாரத்தில் மூன்றில் ஒன்று. சக்கரங்களுக்கு முட்டுக் கொடுத்து, கேரவனைத் தரைக்கு மட்டமாக வைத்த பிறகுதான் இதைச் செய்ய வேண்டும்.

தராசு 38 காட்டியது. மூன்றால் பெருக்கினால் 114. கேரவனின் எடையோ 1,600-க்குப் பக்கம். பத்தில் ஒன்று 160 இருக்க வேண்டிய இடத்தில் 114. கதவைத் திறந்து பார்த்தேன். கூடாரத் துணி, கருவிப்பெட்டி, சைக்கிள் எல்லாம் கடைசிச் சுவரோடு ஒட்டிக் கிடந்தன. பின்கதவு பக்கம் எடுத்துப்போட வசதி, அதனால் அங்கேயே வைத்துவிட்டாராம். கனமானதையெல்லாம் அச்சுக்கு மேலேயும் அதற்குச் சற்று முன்னாலும், தரையோடு தரையாக அடுக்கினோம். லேசானதை மேலே. கடைசிச் சுவர் காலி. மறுபடி நிறுத்தினால் தராசு 53. பெருக்கினால் 159. தம்பி திரும்பி என்னைப் பார்த்தான். நான் கேரவனின் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாத்தா ஏர்க்காலைத் தூக்கிப் பார்த்த கணக்குக்கு இப்போது ஒரு நம்பர் கிடைத்துவிட்டது.

பின்பாரம் ஏன் ஆபத்து என்று காட்ட ஒரு விளையாட்டு உண்டு. ஓடும் பட்டை மேல் பொம்மைக் காரும் பொம்மைப் பின்வண்டியும் வைத்து, சின்ன எடைக்கல்லை முன்னே பின்னே நகர்த்திக் காட்டுவார்கள். கல் முன்னால் இருந்தால், பின்வண்டியை விரலால் தட்டினாலும் இரண்டு ஆட்டம் ஆடி நேராகிவிடும். கல்லை அச்சுக்குப் பின்னால் தள்ளினால், ஒரு தட்டுக்கு அது ஆடத் தொடங்கி, ஆட்டம் பெருகிப் பெருகிக் கடைசியில் காரையும் புரட்டிவிடும். வேகம் கூடக்கூட ஆட்டம் அடங்கும் தன்மை குறையும். ஒரு வேகத்துக்கு மேல் அது தானாக அடங்கவே அடங்காது. கார் கேரவனை இழுத்த காலம் போய், கேரவன் காரை ஆட்டும் காலம் வந்துவிடும்.

முன்பாரம் மிஞ்சினாலும் வம்புதான். காரின் பின்புறம் அமுங்கி மூக்கு தூக்கும். முன்சக்கரத்தில் பிடிப்புக் குறைந்து ஸ்டியரிங் காற்றில் திருப்புவதுபோல் இருக்கும். இரவில் முன்விளக்கு எதிரே வருபவன் கண்ணில் போய் விழும்.

பெர்த்துக்கு வடக்கே ரோடு டிரெயின் என்று ஒன்று ஓடுகிறது. ஒரே லாரி மூன்று நான்கு பெட்டிகளை இழுத்துக்கொண்டு 53.5 மீட்டர் நீளம் வரை வரும். அது எதிரே வரும்போது முதலில் காற்றால் தள்ளும், கடந்துபோகையில் உள்ளே இழுக்கும். நண்பரின் கேரவனைத் தம்பி ஓட்ட, நான் பக்கத்தில் இருந்தபோது ஒன்று வந்தது. கேரவன் ஒரு பக்கம் போய், மறுபக்கம் வந்து, நின்றது. அவ்வளவுதான். பின்பாரமாக இருந்திருந்தால் அதோடு நின்றிருக்காது. அப்போது என்ன செய்வது என்று அவன் கேட்டான். அக்செலரேட்டரிலிருந்து காலை எடு. ஸ்டியரிங்கை நேராகப் பிடி. ஆட்டத்துக்கு எதிர்ப்பக்கம் திருப்பிச் சண்டை போடாதே. காரின் பிரேக்கை அழுத்தாதே. கார் நிற்கப் பார்க்கும், கேரவன் தள்ளப் பார்க்கும், நடுவில் கொக்கி மடங்கும். கேரவனுக்குத் தனியாக எலக்ட்ரிக் பிரேக் இருந்தால் அதை மட்டும் கையால் லேசாகக் கொடு. பின்னாலிருந்து பிடித்து இழுத்ததுபோல் நேராகிவிடும்.

அந்த நாட்டுச் சட்டமும் நிறுத்துவதைப் பற்றித்தான் அதிகம் கவலைப்படுகிறது. 750 கிலோவைத் தாண்டிய பின்வண்டிக்குத் தனி பிரேக் வேண்டும். 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரத்திலும் பிரேக் இருக்க வேண்டும். கொக்கி கழன்று தனியாகப் போய்விட்டாலும் தானே நின்றுகொள்ளும் ஏற்பாடும் வேண்டும். கொக்கிக்குத் துணையாகப் பாதுகாப்புச் சங்கிலி எப்போதும் உண்டு. தாத்தாவின் உரசுகட்டையும் கயிறும் எங்கே போயின என்று கேட்டால், இதோ இங்கே வந்து சேர்ந்திருக்கின்றன என்பேன்.

பின்னால் எடுப்பது தனிக் கலை. ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்தால் கேரவனின் வால் இடப்பக்கம் போகும். அப்பா ஸ்டோர் வாசலில் தொட்டி வண்டியைப் பின்னுக்கு விடும்போது வேலை முடிந்தவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். இரண்டு பக்கமும் சாண் அளவுதான் இடைவெளி. பதறாமல், கொஞ்சம் ஒடித்து, கொஞ்சம் விட்டு, கோணினால் மறுபடி முன்னால் எடுத்து நேராக்கி விடுவார். முன்னால் எடுப்பது கௌரவக் குறைச்சல் என்று நினைக்கிறவன்தான் சுவரை இடிப்பான் என்பார். தம்பியின் மூத்த மகள் லைசென்ஸ் எடுத்த புதிது. பேரங்காடியின் காலி வண்டி நிறுத்தத்தில் அவளை உட்காரவைத்து, ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தைப் பிடிக்கச் சொன்னேன். அடியில் பிடித்தால் கை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே வால் போகும். தகப்பனைவிட அவளுக்குச் சீக்கிரம் பிடிபட்டது. அவள் மனத்தில் பழைய பழக்கம் எதுவும் இல்லை.

கடைசியில் தம்பி பெரிய கேரவனை விட்டான். சுமையோடு 1,600 கிலோவில் அடங்குகிற சின்னதாக ஒன்று வாங்கினான். பெரியதில் ஓவனும் சோபாவும் இருந்தன. அவன் மனைவிக்கு முகம் வாடியது. அவள் வருத்தப்படுவதைப் பார்த்து நான் வாயை மூடிக்கொண்டேன்; அம்மாதான் சமாதானம் செய்தார். லயத்து வீட்டில் எட்டுப் பேர் இருந்த கதையை எடுத்துவிட்டார். அந்தக் கதை தொடங்கினால் யாரும் எதிர்த்துப் பேச முடியாது.

இப்போது மலேசியாவிலும் ஆசை வந்திருக்கிறது. வேனைக் கட்டில் போட்டு மாற்றிக்கொண்டு கேமரன் மலைக்கும் கடற்கரைக்கும் போகிற குடும்பங்களைப் பார்க்கிறேன். காருக்குப் பின்னால் படகோ சின்ன பெட்டி வண்டியோ இழுப்பவர்களும் உண்டு. பட்டறையை மகனிடம் விட்டுவிட்டாலும், கொக்கி மாட்ட வருகிற பையன்களை நான் விடுவதில்லை. எவ்வளவு குதிரைசக்தி என்று அவர்கள் தொடங்குவார்கள். நான் கதவைத் திறந்து அந்தத் தகட்டைப் படிக்கச் சொல்வேன். பின்சக்கரத்துக்கும் கொக்கிக்கும் நடுவே எவ்வளவு தூரம், குறைந்திருந்தால் நல்லது. பின் டயரில் காற்று புத்தகத்தில் சொன்ன அளவுக்குக் கூட்டியிருக்கிறதா. புறப்பட்டு ஓர் ஐம்பது கிலோமீட்டர் போனதும் நிறுத்திச் சக்கர நட்டுகளை மறுபடி முடுக்குவார்களா என்று கேட்பேன். எடை மேடை எங்கே என்று தெரியாதவர்களுக்குச் செம்பனை ஆலையைக் காட்டிவிடுவேன். தண்ணீர்த் தொட்டியை நிறைத்துப் போ, இல்லாவிட்டால் காலி செய்து போ, பாதியில் வைக்காதே என்பதையும் சொல்லாமல் அனுப்பியதில்லை.

தம்பி குடும்பத்தோடு முதலில் போனது அல்பனிக்கு. பெர்த்திலிருந்து தெற்கே நானூறு கிலோமீட்டர் சொச்சம். வில்லியம்ஸ், கோஜோனப், மவுண்ட் பார்க்கர் என்று வழியில் ஊர்ப் பெயர்களை அம்மாவிடம் சொல்லிக்கொண்டே போனான். மறுநாள் கூப்பிட்டு, “எல்லாக் காடியும் என்னை முந்திக்கிட்டுப் போகுது அண்ணே. பின்னால வரிசை சேர்ந்துச்சுன்னா ஓரங்கட்டி விட்டுட்டு மறுபடி போக வேண்டியதா இருக்கு” என்றான்.

சடக்கில் டிராக்டர் ஏறினால் அப்பாவும் அதைத்தான் செய்வார். பின்னால் நாலைந்து கார் சேர்ந்ததும் புல்தரையில் ஒதுக்கி, கையை வெளியே நீட்டி, போ போ என்று காட்டுவார். சிலர் ஹாரன் அடித்து நன்றி சொல்லிவிட்டுப் போவார்கள். சிலர் கண்ணாடியை இறக்கித் திட்டிவிட்டுப் போவார்கள். இரண்டுக்கும் அவர் ஒரே மாதிரிதான் தலையை ஆட்டுவார்.

அதைச் சொன்னேன். தம்பி சிரித்தான். “இங்கயும் ரெண்டும் கிடைக்குது அண்ணே. ஹாரன்தான் கொஞ்சம் கம்மி.”